நாலு விரல் விட்டுத் தைத்தவள்

அந்தக் கடிதத்தில் மொத்தம் நான்கு வரிகள். பாப்பம்மா என்பவர் 1979 முதல் எங்கள் தீவன ஆலையில் வேலை பார்த்துவருகிறார். மூட்டை தைப்பவர். தனித்திறன் ஏதும் தேவைப்படாத வேலை. நடத்தை திருப்திகரம். கீழே ஆலை முதலாளி ரொனீஷின் கையெழுத்து, ஃபிஜித் தீவின் நாடி ஊர் முத்திரையோடு.

இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அவள் மூட்டை தைத்தாள், உண்மை. 1979-இல் சேர்ந்தாள், அதுவும் உண்மை. ஃபிஜியின் மேற்குப் பக்கத்தில் பாதிக் கோழிப் பண்ணைகள் பதின்மூன்று வருடம் அவள் போட்ட கணக்கைத்தான் தின்று முட்டையிட்டன என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். விட்டதை நான் எழுதுகிறேன். காலம் கடந்து எழுதுகிறேன் என்பதும் தெரியும். அதற்கான திட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கிருஷ்ணகுமார். சொந்த ஊர் நாமக்கல். எங்கள் ஊரில் கோழிகளின் எண்ணிக்கை மனிதர்களைவிட அதிகம், ஆகவே கால்நடைத் தீவனம் படித்தேன். 1998-இல் அந்த ஆலைக்குத் தொழில்நுட்ப அதிகாரியாக வந்து இறங்கினேன். கலவைக் கணக்குத் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. கணக்குப் போடுவது அல்ல, கையெழுத்துப் போடுவது. இந்த வித்தியாசம் முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் மூன்று வருடம் சம்பளம் வாங்கினேன்.

பாப்பம்மா பிறந்தது ஃபிஜியின் வடக்கே உள்ள வனுவா லேவு தீவில், ட்ரெகேட்டியில். நெல் விளையும் ஊர். மதராஸிலிருந்து கப்பலில் கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் பேத்தி. எட்டாம் வகுப்பு முடித்து, அதற்கு மேல் ஒரு வருடம் உயர்நிலைப் பள்ளிக்கும் போனாள். எக்ஸும் ஒய்யும் கரும்பலகையில் வந்த மாதமே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நாடிக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவில் சிவன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சிவன் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரே மகள் ரொனீதா பிறந்த மறுவருடம் காய்ச்சலில் போய்விட்டார். அவர் இடத்தில் இவளைத் தைக்க வைத்தார்கள். இரக்கம் காட்டுகிறோம் என்று சொல்லி ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுத்தார்கள்.

தைப்பதிலும் ஒரு சட்டம் உண்டு. நாற்பது கிலோ தீவனம் மூட்டைக்குள் விழும். அதைக் குலுக்கி இறக்கினால், தீவனத்துக்கும் தையலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி நிற்க வேண்டும். குறைந்தால் தூக்கும்போது தையல் பிரிந்துவிடும். கூடினால் மூட்டை மடங்கி, அடுக்கு சரிந்துவிடும். பாப்பம்மா ஒவ்வொரு மூட்டையிலும் இடது கையின் நாலு விரலை வைத்துப் பார்த்துத்தான் இயந்திரத்தில் கொடுப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை. அந்த நாலு விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதனால்தான் எல்லாம் வந்தது.

1987 மே மாதம் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. செப்டம்பரில் போதவில்லை என்று மறுபடியும் ஒன்று. இந்தியர்கள் கையில் அரசாங்கம் போய்விட்டதாம், அதைக் காப்பாற்ற வந்தார்களாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? காப்பாற்றிய அழகில், படித்தவர்கள் எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாடி விமான நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். பாப்பம்மாவின் தகரக் கூரை விமான நிலையத்துக்குப் பக்கம்.

"தெனம் தலைக்கு மேல வாத்தியாரும் டாக்டரும் பறந்து போனாங்க சார்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "நான் துணி காயப்போட்டுக்கினே எண்ணுவேன். யாரு போறாங்கன்னு தெரியாது. மறுநாளு ஆஸ்பத்திரிக்குப் போனா தெரியும்."

அப்படிப் பறந்தவர்களில் ஆலையின் கலவை அதிகாரியும் ஒருவர். வான்கூவருக்குப் போய்விட்டார். மேசை இழுப்பறையில் அவருடைய நோட்டு மட்டும் கிடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் சோயாவும் கோதுமையும் இருந்தால் எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கலவரத்தில் அங்கேயுள்ள துறைமுகத் தொழிலாளர்கள் ஃபிஜிக்குச் சரக்கு ஏற்றமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். சோயா வரவில்லை. கிடைத்தது உள்ளூர் அரிசித் தவிடும், மீன் டப்பா ஆலையிலிருந்து வந்த மீன் தூளும்தான். நோட்டு அதற்கு ஊமை. ரொனீஷின் அப்பா, அப்போதைய முதலாளி, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆலை மூடினால் அறுபது குடும்பம்.

மூட்டை தைக்கிறவள் வந்து, "நான் சொல்றேன் பாஸ்," என்றாள்.

அவள் எப்படிச் சொன்னாள் என்பதை அவள் வாயாலேயே நான் கேட்டிருக்கிறேன். பதினோரு வருடம் கழித்து, நான் சேர்ந்த முதல் வாரத்தில். மேசையில் பேனாவோடு நான் உட்கார்ந்திருந்தேன். நூறு கிலோ தீவனம், அதில் பதினெட்டு கிலோ புரதம். அரிசித் தவிட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு, மீன் தூளில் நூற்றுக்கு அறுபது. தவிடு எக்ஸ், மீன் தூள் ஒய் என்று எழுதினேன். இரண்டையும் கூட்டினால் நூறு, இது ஒரு சமன்பாடு. பன்னிரண்டு எக்ஸையும் அறுபது ஒய்யையும் கூட்டினால் ஆயிரத்து எண்ணூறு, இது இன்னொன்று. முதலாவதைப் பன்னிரண்டால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழிக்க நான் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்றவள், "மீனு பன்னெண்டரை கிலோ, மிச்சம் தவிடு," என்றாள்.

கால் நிமிடம் கழித்து என் தாளிலும் பன்னிரண்டரை வந்தது.

"எப்படிங்க?" என்றேன்.

"மொதல்ல நூறு கிலோவும் தவிடுதான்னு ஒரு பொய் சொல்லிக்குவேன் சார். அப்ப பன்னெண்டு கெடைக்கும். வேணுங்கறது பதினெட்டு. ஆறு கொறையுது. அப்பால ஒரு கிலோ தவிட்ட எடுத்துட்டு ஒரு கிலோ மீனு போடுறேன். எடை மாறாது. புரதம் மட்டும் அரைக்குக் கொஞ்சம் கம்மியா ஏறும், பாயிண்ட் நாலு எட்டு. ஆறு ஏறணும்னா எத்தினி தடவ மாத்தணும்? பன்னெண்டரை. டீக்? சரிதானே?"

நான் பன்னிரண்டால் பெருக்கிக் கழித்ததும், அவள் எல்லாம் தவிடு என்று பொய் சொல்லிக்கொண்டதும் ஒரே காரியம்தான். என் தாளில் எக்ஸ் காணாமல் போனது ஏன் என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. ஐந்து வருடம் கல்லூரியில் படித்தவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். வெட்கப்படுகிறேன்.

"எக்ஸ்னு எதுக்கு சார் பேரு? தவிடுன்னா கைக்குத் தெரியும். எக்ஸ்னா யாரு?" என்றாள்.

இரண்டு சரக்கென்றால் பரவாயில்லை, அது யாருக்கும் வந்துவிடும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். மறு மாதமே மாவு ஆலையிலிருந்து கோதுமைத் தவிடும் வந்தது. இப்போது மூன்று தெரியாதவை. எடை சரியாக இருக்க வேண்டும், புரதம் சரியாக இருக்க வேண்டும், நார் அளவு மீறக் கூடாது. மூன்று சமன்பாடு. நான் முழுத் தாளை நிரப்பி, நடுவில் ஒரு கழித்தலில் தப்புவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"அரிசித் தவிட்ட மீனோட கலந்து பதினெட்டுக்குக் கொண்டாங்க. அது ஒரு குவியல். கோதுமைத் தவிட்ட மீனோட கலந்து அதையும் பதினெட்டுக்குக் கொண்டாங்க. அது ஒரு குவியல். ரெண்டு குவியலும் பதினெட்டு. இனிமே அத எப்படிக் கலந்தாலும் பதினெட்டுதானே நிக்கும்? அப்பால புரதத்த மறந்துடுங்க. நார மட்டும் பாருங்க."

மூன்று தெரியாதவற்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்குவது. எங்கள் வாத்தியார்கள் பலகை நிறைய எழுதி எங்களை அழவைத்ததை, கையில் நூலைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மூட்டைகளில் அச்சடித்திருக்கும் எண்களை நாள் முழுக்கப் படித்துப் படித்து, விகிதம் மாறினால் கோழி என்ன செய்கிறது என்று பண்ணைக்காரர்களிடம் விசாரித்து, அவளாக வந்த இடம் அது.

கணக்குத் தாளின் அடியில் "கணக்கிட்டவர்" என்று ஒரு கோடு இருக்கும். 1987-இலிருந்து அந்தக் கோட்டில் பெரிய முதலாளி கையெழுத்துப் போட்டார். 1998-இலிருந்து நான் போட்டேன். பட்டம் உள்ளவர் கையெழுத்து இருந்தால்தான் பெரிய பண்ணைகள் வாங்கும் என்றார்கள். அவள் சொல்வாள், நான் எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன், ஒரு நகலை என் நீலக் கோப்பில் வைத்துக்கொள்வேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அவள் ஒருநாளும் அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காதது அவள் பெருந்தன்மை என்று நான் வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

2000 மே மாதம் மறுபடியும் துப்பாக்கி. மறுபடியும் பாராளுமன்றம், மறுபடியும் விமான நிலையத்தில் வரிசை. நாடியின் ஓட்டல்கள் ஈயடித்தன. ஓட்டல் இல்லையென்றால் முட்டை யாருக்கு? பண்ணைகள் ஆடின, ஆலையும் ஆடியது. பெரிய முதலாளி இறந்து, பிரிஸ்பேனில் படித்துத் திரும்பிய ரொனீஷ் அப்போது பொறுப்பில் இருந்தான். பாப்பம்மாவின் வீட்டு மனை குத்தகையும் முடிகிற வருடம் அது. நிலத்துக்காரர்கள் நீட்டிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் ரொனீதா முந்தைய வருடம்தான் கல்யாணமாகி நியூசிலாந்து போயிருந்தாள். அவள் காலூன்றி அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள வருடங்கள் ஆகும். பாப்பம்மாவுக்கு வயது ஐம்பத்து மூன்று.

ஜூலையில் ரொனீதாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவன ஆலையில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். அந்த ஆலையின் கலவை ஆள் ஓய்வு பெறுகிறார். ரொனீதா தன் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்த முதலாளி தொலைபேசியில் இரண்டு கணக்குக் கேட்டுப் பார்த்துவிட்டு, வேலை தருவதாக எழுத்தில் கொடுத்திருந்தார். பட்டம் வேண்டாம். இத்தனை வருடம் கலவைக் கணக்குப் போட்டவர் இவர்தான் என்று பழைய ஆலையிலிருந்து ஒரே ஒரு கடிதம் வேண்டும். அது இருந்தால் விசா கிடைக்கும். ஐம்பத்தைந்து வயதுக்குள் மட்டும்.

ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தைப் பாப்பம்மாவுக்குப் படித்துச் சொன்னவன் நான்தான்.

"மகளுக்குப் பாரமாப் போகாம, வேலைக்காரியாப் போறேன் சார்," என்றாள். இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரொனீஷும் சிரித்துக்கொண்டேதான், "எழுதித் தர்றேன் ஆன்ட்டி, உங்களுக்கு இல்லாததா," என்று ஹிந்தியில் சொன்னான். அவனுக்குத் தமிழ் வராது.

ஆகஸ்டில் ஒரு காலை பாப்பம்மா தையலை நிறுத்தினாள். என்னைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைக் காட்டி, விரல்களை வைத்தாள். நாலு விரல் போய், ஐந்தாவது விரலுக்கும் இடம் இருந்தது.

"எடை?" என்றேன்.

"நாப்பது. சரியா நாப்பது. அதுதான் சார் சங்கதி. எடை சரி, உங்க தாள்ல புரதமும் சரி. ஆனா மூட்டை ஒத்துக்கல. நேத்துலேருந்து எல்லா மூட்டையும் அஞ்சு விரலு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். தெரியாதது இரண்டு என்றால், தெரிந்துகொள்ள இரண்டு கணக்குப் போதும். மூன்றாவதாக ஒரு கணக்கு கையில் இருந்தால் அது சாட்சி. மூன்றும் ஒத்துப்போனால் எல்லாரும் உண்மை சொல்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவன் பொய் சொல்கிறான். அவளுடைய மூன்றாவது கணக்கு அந்த நாலு விரல். அதே எடை குறைந்த இடத்தில் அடங்குகிறது என்றால், கனமான ஏதோ உள்ளே வந்திருக்கிறது.

தவிடு பழைய தவிடுதான். மீன் தூள் புதிது. அதைக் கொண்டுவந்து போட்டவர் ரொனீஷின் தாய்மாமன்.

அவள் ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்தாள். மிச்சமிருந்த பழைய மீன் தூளை நிரப்பித் தராசில் வைத்தாள். பத்து கிலோ. முற்றத்து மணலை நிரப்பினாள். இருபத்தேழு. புதிய மீன் தூளை நிரப்பினாள். பதின்மூன்று கிலோ நானூறு.

"டின்னு முழுக்க மீனுன்னு பொய் சொன்னா பத்து. மூணு கிலோ நானூறு கூட வருது. முழுசும் மணலா மாத்தினா பதினேழு கூடும். மூணு நானூறுன்னா, பதினேழுல அஞ்சுல ஒரு பங்கு. டின்னுல அஞ்சுல ஒரு பங்கு மணலு சார். எடையில பாத்தா நூத்துக்கு நாப்பது. கோழி வயித்துக்குப் பதினெட்டு போகல. பதினஞ்சுதான் போவுது."

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அந்தத் தூளைப் போட்டேன். மீன் மிதந்தது. அடியில் வெள்ளையாக மணல் படிந்தது. ஒரு மூட்டை தைப்பவள் விரலால் கண்டதை, பட்டதாரி தம்ளரால் கண்டுகொண்டேன். தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டேன்.

அதற்குள் பண்ணைகளில் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துவிட்டன. ஏற்கனவே ஓட்டல் இல்லாமல் தவித்த பண்ணைக்காரர்கள் லாரியைத் திருப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். பாப்பம்மா ரொனீஷிடம் நேராகப் போய், மீன் தூளில் மணல் இருக்கிறது, இனி அதைத் தைக்கமாட்டேன் என்றாள். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மூணுல ஒண்ணுதான் சார் இருக்க முடியும்," என்றான் ஆங்கிலத்தில், நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு. "கணக்குத் தப்புன்னா, கையெழுத்து உங்களோடது. மீன் தூள் தப்புன்னா, அது என் மாமா. மூட்டை மாறிக் கொட்டிட்டாங்கன்னா, ரெண்டு பேருக்கும் வம்பு இல்ல. உங்க வொர்க் பர்மிட் அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல?"

ஒரு தாளை நீட்டினான். கலவைக் கணக்குகள் அனைத்தும் தொழில்நுட்ப அதிகாரியான என்னால் போடப்பட்டவை, சரியானவை. தைக்கும் பிரிவில் பாப்பம்மா மூட்டைகளை மாற்றிக் கொட்டியதால் தவறு நேர்ந்தது. இவ்வளவுதான்.

என் மனைவி தாரிணிக்கு அப்போது ஏழாம் மாதம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உலகத்தில் எல்லாக் கோழைக்கும் வீட்டில் யாராவது ஏழாம் மாதமாகத்தான் இருப்பார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் ரொனீஷ் அந்த நான்கு வரிக் கடிதத்தை அடித்துக் கொடுத்தான். கணக்கு எல்லாம் சார் போட்டது என்று சாரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே ஆன்ட்டி, நான் எப்படி வேறு எழுதுவது என்று என் கையெழுத்தையும் அவளுக்குக் காட்டியிருக்கிறான். அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"தண்ணியில போட்டுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"மணலு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப எழுதினது என்னா?"

அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மண்ண கலந்தவன் திருடன். அவன் மேல எனக்குக் கோவம் கெடயாது, திருடன் திருடுவான். கணக்கு, ஹிசாப் தெரிஞ்ச மனுசன் நீங்க. மணலுன்னு சரியா வந்த கணக்கத் தப்புன்னு எழுத உங்களுக்கு எப்பிடி சார் கை வந்துச்சு?"

ஜனவரியில் விசா மறுக்கப்பட்டது. மூட்டை தைப்பவர்கள் தங்கள் நாட்டிலேயே இருக்கிறார்கள் என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கையில் கிடைத்த தாளில் அப்படித்தான் இருந்தது. பாப்பம்மா ஆலையை விட்டுவிட்டாள். குத்தகை முடிந்து வீட்டைப் பிரித்தார்கள். தகரத்தையும் மரத்தையும் லாரியில் ஏற்றி, கப்பலில் போட்டு, ட்ரெகேட்டியில் தம்பி வீட்டுக்குப் போனாள். ஐம்பத்து நான்கு வயதில், பிறந்த ஊரில், தம்பி பெண்டாட்டியின் அடுப்படியில்.

இனி என் முறை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எல்லாரும் ஓடிய அந்த வருடம் நானும் ஓடப் பார்த்தேன். நாமக்கல் திரும்ப மனமில்லை. ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு தீவன ஆலையில் கலவை ஆள் இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னவனே நான்தானே. விண்ணப்பித்தேன். அனுபவத்துக்குச் சான்றாக நீலக் கோப்பை அனுப்பினேன். தவிடும் மீனும் கோதுமையும், மாதத்துக்கு மாதம் மாறிய சரக்கும், ஒவ்வொரு தாளின் கீழும் "கணக்கிட்டவர்" என்ற கோட்டில் என் பெயரும். அந்த முதலாளி அசந்துபோனாராம். 2001 நடுவில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் பொட்டலம் கட்டும் இடத்தில் ரொனீதா நின்றிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரியும், அந்தத் தாளைப் பற்றித் தெரியாது. அம்மா சொல்லவில்லை. "எங்கம்மா ஆலையிலிருந்து வந்த சார்" என்று மற்றவர்களிடம் பெருமையாக அறிமுகப்படுத்தினாள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. மனிதன் பழகிக்கொள்கிறான் என்பதைவிடக் கேவலமான உண்மை வேறு இல்லை.

மனசாட்சி எனக்கு 2003-இல் முளைத்தது. எப்போது என்று பாருங்கள்: என் நிரந்தர வசிப்புரிமை முத்திரை கடவுச்சீட்டில் விழுந்து, இனி யாரும் என்னை அனுப்ப முடியாது என்று உறுதியான மறுவாரம். உட்கார்ந்து குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினேன். 1987 முதல் 2000 வரை அந்த ஆலையின் கணக்குகள் பாப்பம்மாவினுடையவை, என் வாக்குமூலம் பொய், நான் அனுப்பிய கோப்பும் அவளுடையதே. எங்கள் முதலாளியிடமும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கி, நீங்கள் இப்போது நன்றாகத்தானே வேலை செய்கிறீர்கள் என்றார். இன்னோர் ஆளை வைத்துக்கொள்ளவும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. விண்ணப்பதாரரின் வயது ஐம்பத்தாறு. வரம்பு ஐம்பத்தைந்து.

மூன்று வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வருடம் முன்னால் திறந்திருந்தாலும் போதும். இந்தக் கழித்தலைப் போட எனக்குத் தாளும் பேனாவும் தேவைப்படவில்லை.

ரொனீதாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிறகு என்னோடு பேசவில்லை. அது நியாயம்.

அடுத்த வருடம் பாப்பம்மா வந்தாள், பார்வையாளர் விசாவில், மூன்று மாதத்துக்கு. பேரனைப் பார்க்க. வந்தவள் ஆலையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ரொனீதா அழைத்துவந்து, என்னைப் பார்க்காமல், வாசலில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். சேலைக்கு மேல் மருமகனின் கம்பளிச் சட்டை. முடி முழுக்க வெள்ளை.

"நல்லா இருக்கீங்களா சார்? புள்ளைக்கு என்னா பேரு வச்சீங்க?"

"பரணி."

"நல்ல பேரு."

நான் சுற்றிக் காட்டினேன். கணினியைக் காட்டினேன். பன்னிரண்டு சரக்கு, ஒன்பது நிபந்தனை, ஒரு விசையைத் தட்டினால் விடை வருகிறது என்றேன். திரையை உற்றுப் பார்த்தாள். "அது என்னா பொய்யில ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தையல் இயந்திரத்திடம் போனாள். ஓடிக்கொண்டிருந்த மூட்டையில் இடது கை விரல்களை வைத்தாள். நாலு. தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு என் அறைக்கு வந்தாள். கதவில் என் பெயர்ப் பலகை, மேசை, ஜன்னல், சக்கரம் வைத்த நாற்காலி. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"இந்த வேலைதானா சார் அது?"

"ஆமாங்க."

"இந்த நாற்காலியா?"

"ஆமா."

"கொஞ்சம் நவுருங்க. உக்காந்து பாக்குறேன்."

நான் நகர்ந்தேன். அவள் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கால் தரையில் நன்றாகப் பதிந்தது. மேசையில் அன்றைக்கான கணக்குத் தாள் இருந்தது. அதை இழுத்து, கீழே உள்ள கோடு வரை விரலால் வரிவரியாகப் படித்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன், உட்காரச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு சார்," என்றாள்.